இஞ்சாருங்கோ என்பது ஒரு பெயரல்ல

இணுவில்
10.05.1992

என் வீட்டுக்காரருக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் நான் எழுதிய முதல் கடிதம் உங்களுக்குக் கிடைத்திராது. கிடைக்கவும் மாட்டாது. உறையில் பெயர் எழுதாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

கடிதம் வாங்குகிற இயக்கக் கந்தோரில் இருந்த பொடியன் உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"ஆருக்கு அம்மா?"

"எங்கடை வீட்டிலை இருக்கிறவருக்கு, தம்பி."

"வீட்டிலை இருந்தா ஏன் கடிதம்?"

"இப்ப உங்களோடைதானே நிக்கிறார்."

"அவருக்குப் பேர் இல்லையோ?"

"இருக்கு. நல்ல வடிவான பேர்."

"சொல்லுங்கோவன்."

"உந்தக் கதையை விடு தம்பி. லாண்ட்மாஸ்டரோடை வந்த ஆள் எண்டு சொல்லு, எல்லாருக்கும் தெரியும்."

அவன் அதை வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டான். பெட்டியில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு எழுத்துக் கூட்ட நேரம் எடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பாதி வழியில் வரும்போதுதான் அது 'குப்பை' என்று கூடி வந்தது.

ஆகையால் இந்த முறை உறையில் இருப்பது சுகிர்தம் ரீச்சரின் எழுத்து. பின்வளவில் இருக்கிற பள்ளிக்கூட ரீச்சர்தான். விழுந்து விழுந்து சிரித்தா. "பராசக்தி, நான் நாப்பது வருசமா ஜோர்ஜ், ஜோர்ஜ் எண்டு கூப்பிடுறன். அந்த மனுசனுக்கு எழுவத்தெட்டு. ஒண்டும் குறையேல்லை" என்றா. "உங்கடை வேதத்திலை ஆயுளைக் கர்த்தர் பாத்துக்கொள்ளுவார் ரீச்சர், எங்கடை ஆக்களுக்கு நாங்கள்தான் பாக்க வேணும்" என்றேன். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுள் தேயும் என்று எனக்குப் படிப்பித்தவர்கள் வேறொன்றும் படிப்பிக்கவில்லை. அதையாவது காப்பாற்ற வேண்டாமா?

நான், மாடு, கிணறு மூன்று பேரும் சுகம். உங்கள் சுகமும் இடது முழங்காலின் சுகமும் அறிய ஆவல். நாள் பார்க்கிற புத்தகம் பார்த்து, நல்ல நாளில் வெங்காயம் நட்டாயிற்று. மண்ணெண்ணெய் இல்லாதபடியால் இறைக்கிற மிசின் சாக்குப் போர்த்துக்கொண்டு நித்திரை. கிணற்றில் பழையபடி நீரிறைக்கிற துலா மரத்தைப் பூட்டிவிட்டோம். முத்துக்குமாரு மச்சான் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்கிறார், அவர் பெண்சாதி தங்கமுத்து வாளி பிடிக்கிறாள், நான் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுகிறேன். அவர்கள் தண்ணீர் முறைக்கும் இப்படித்தான், எங்கள் முறைக்கும் இப்படித்தான்.

மூன்று மாதம் என்றுதானே சொல்லிக்கொண்டு போனார்கள். இயக்கப் பொடியள் எங்கள் உழவு மிசினைத்தான், அந்த லாண்ட்மாஸ்டரைத்தான் கேட்டார்கள். "என்ரை மிசினிலை வேறை ஆரும் கை வைக்கேலாது" என்று நீங்களும் ஏறிப் போய்விட்டீர்கள். பெண்சாதியை எவரிடமும் நம்பி விடலாம், லாண்ட்மாஸ்டரை விடமுடியாது. சரி. ரோட்டில் எந்த லாண்ட்மாஸ்டர் சத்தம் கேட்டாலும் நான் வாசல் படலைக்குப் போய்விடுகிறேன். மாட்டுக்குக்கூட இப்போது அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பராசக்தி


28.05.1992
(இடம் எழுதக் கூடாதாம்)

பராசத்திக்கு,

நான் சுகம். முழங்கால் அப்படித்தான். உன் சுகத்துக்கும் மாட்டின் சுகத்துக்கும் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன்.

என் பெயர் பஞ்சலிங்கம். இருபத்திரண்டு வருசம் கூட இருந்தும் உனக்கு ஆரும் சொல்லவில்லைப் போல. பஞ்சாங்கத்தை 'நாள் பார்க்கிற புத்தகம்' என்று எழுதியிருந்ததை இங்கே வாசித்துக் காட்டினேன். பெடியள் சிரித்தார்கள். கோயிலில் சிவலிங்கத்தை நீ 'உள்ளுக்கு இருக்கிறவர்' என்பாய் என்று சொல்ல இன்னும் சிரித்தார்கள்.

இங்கே எனக்கு வேறு பெயர். வருகிற எல்லாருக்கும் வைப்பார்கள். பெயர் பதிகிறவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் இனியவன்" என்றான். "வேறை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டேன். "புயல், வேங்கை எல்லாம் குடுத்து முடிஞ்சுது அண்ணை" என்றான். காற்சட்டையும் தந்திருக்கிறார்கள். போட்டுக்கொண்டு குந்த முடியாது.

வேலை, சோற்றுப் பார்சல் ஏற்றுவது. பொழுதுபடப் போய் விடிய முன் வந்துவிடுவேன். முன்னுக்கு நிற்கிற பிள்ளைகள் சாப்பிட வேணும்தானே. பயம் ஒன்றும் இல்லை. சண்டை எங்கேயோ, நான் எங்கேயோ.

கினற்றில் தன்னீர் எவ்வளவு நிற்கிறது? வெங்காயத்துக்கு முறை தவறாமல் தன்னீர் விடு. முத்துக்குமாரு துலாவில் கதைத்துக்கொண்டு நடப்பான், விடாதே.

பஞ்சலிங்கம்


இணுவில்
12.06.1992

அன்புள்ள இனியவன்,

இனியவன்! உங்களையா? கலியாணப் படத்தில்கூடப் பல்லுக் குத்து வந்தவர் மாதிரி நிற்கிற உங்களையா? ரீச்சரிடம் சொன்னேன், அவ கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. மாட்டிடம் சொன்னேன், அது மட்டும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஒன்று. இது நீங்கள் பிறந்தபோது வைத்த பெயர் இல்லை. ஆகவே சொன்னால் குற்றமில்லை. அன்று மத்தியானம் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து முற்றத்தில் நின்று, "இனியவன், சாப்பிட வாருங்கோ" என்று கூப்பிட்டேன். பிறகு இன்னொரு தரம் கூப்பிட்டேன். நாக்குக்கு அது எவ்வளவு புதினம் தெரியுமா? இப்போது காலையில் எழும்பினவுடன் ஒன்று, படுக்கப் போக ஒன்று. இடையில் கோபம் வந்தால் கணக்கில்லை.

மற்றப் பெண்டுகளுக்கு இந்த வில்லங்கம் இல்லை. தங்கமுத்து "சின்னவன்ரை அப்பா" என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறாள். எங்களுக்கு முன்னால் போட ஒரு பெயர் இல்லை. அது கிடக்கட்டும்.

தண்ணீருக்கும் கிணற்றுக்கும் ஏன் இரண்டு சுழி 'ன' போடுகிறீர்கள்? எனக்கே தெரியும், மூன்று சுழி 'ண'. மூன்றாம் வகுப்பு வரை போனவள் ஐந்தாம் வகுப்புக்காரருக்குச் சொல்ல வேண்டிக் கிடக்கிறது.

வெங்காயம் நன்றாக வந்திருக்கிறது. தாள் என் கையால் ஒரு முழம் நிற்கிறது. போன முறை இறைப்பு பாதியில் நின்றது, வானத்தில் சத்தம் கேட்டு எல்லோரும் பதுங்கிவிட்டோம். முத்துக்குமாரு மச்சான் துலாவால் குதித்த வேகத்தைப் பார்த்தால் அவரை நீங்கள் 'புயல்' என்று பதிந்திருக்கலாம். அடுக்களைப் பக்கம் ஓடு கொஞ்சம் மாற்ற வேண்டும். அவசரமில்லை. மழைக்கு முன் நீங்கள் வந்துவிடுவீர்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன். மிசினுக்கு ஊற்ற வேண்டாம்.

உங்கள் பராசக்தி


25.06.1992

பராசத்திக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல். எண்ணெய் வந்தது. மிசினுக்குக் கொஞ்சம்தான் விட்டேன்.

ஓடு ஏன் மாற்ற வேணும்? போன வருசம்தானே கூரை பார்த்தது. விபரமாய் எழுது.

இங்கேயும் வெயில். ஒரு தோட்டமும் இல்லை, எல்லாம் காடு. காலையில் படுத்தால் நித்திரை வராது. அந்த நேரத்தில் நம்முடைய முறைக்கு வாய்க்காலில் தன்னீர் ஓடும் என்று நினைப்பு வரும். எழும்பி மிசினைத் துடைப்பேன்.

மூன்று மாதம் முடிகிறது, விடுகிறோம் என்று பொறுப்பாளர் சொன்னார். ஆனால் மிசின் இன்னும் தேவையாம். "அண்ணை, நீங்கள் வேணுமெண்டால் போங்கோ, நாங்கள் ஓடுறம்" என்றார்கள். அவர்கள் ஓடினால் ஒரு மாதத்தில் மிசின் பழைய இரும்பு. கியரைப் போடுகிற போட்டில் எனக்கே நெஞ்சு நோகிறது. அதனால் இன்னும் கொஞ்ச நாள் நின்று மிசினோடு வாறேன்.

பிடுங்கின வெங்காயத்தில் விதைக்குக் கொஞ்சம் வை.

பஞ்சலிங்கம்


இணுவில்
10.07.1992

இனியவன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ரீச்சரிடமும் கொடுத்து வாசிப்பித்தேன், நான் வாசித்தது பிழையாக இருக்கும் என்று நினைத்து. பிழையில்லை. உங்களை வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள், நீங்கள் போகமாட்டேன் என்கிறீர்கள்.

மிசினை விட்டுவிட்டு வாருங்கள்.

எனக்குச் சுகம்தான். சுகமில்லாமல் என்ன? நான் கேட்பது இதைத்தான்: நீங்கள் தாலி கட்டினது எனக்கா, லாண்ட்மாஸ்டருக்கா? அதற்குக் கட்டியிருந்தால் சொல்லுங்கள், பெரியவள் சின்னவள் என்று பார்த்து நடந்துகொள்கிறேன். நீங்கள் அங்கே காலையில் அதைத் துடைக்க, இங்கே நான் படலையைத் துடைக்கிறேன், கையால் பிடித்துப் பிடித்து அது பளபளக்கிறது.

இரவில் ஒரு இடத்தில் படுக்க முடியவில்லை. விறாந்தையில் படுப்பேன், பிறகு அறைக்குள், பிறகு மாட்டுக் கொட்டிலடியில். விடிந்தால் பாய் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தங்கமுத்து வந்து என்னோடு படுக்கிறேன் என்றாள். அவளுடைய குறட்டையை விட ஹெலிகொப்டர் சத்தம் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஓட்டில் மாங்காய் விழுந்தது. அவ்வளவுதான்.

வெங்காயம் பிடுங்கத் தொடங்குகிறோம். நீங்கள் வந்து கட்டிக் கூரையில் தூக்க வேண்டும். ஏணி எனக்குப் பயம்.

உடனே பதில் போடுங்கள். 'வாறன்' என்று ஒரு சொல் எழுதினால் போதும். அதில் 'ன' ஒன்றுதான், பிழைக்காது.

பராசக்தி


இணுவில்
20.07.1992

என் வீட்டுக்காரருக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கடுமையாக எழுதிவிட்டேன் என்று கோபமா? நீங்கள் கோபித்தால் வழக்கமாகக் கூடுதலாகச் சாப்பிடுவீர்கள், எழுதாமல் இருக்கமாட்டீர்கள்.

ஆடிப்பிறப்பன்று கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ரோட்டால் ஒலிபெருக்கி கட்டின வாகனம் வந்தது. அது எதற்கு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். இறந்தவர்களின் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார்கள். 'இனியவன்' என்றார்கள். பிறகு சொந்தப் பெயரும் ஊரும் சொல்லியிருப்பார்கள், வாகனம் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது, எனக்குக் கேட்கவில்லை. ஓடினேன். பிடிக்க முடியவில்லை.

மறுநாள் கந்தோருக்குப் போய் விசாரித்தேன். அது நீங்கள் இல்லை. எப்படி விசாரித்தேன் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

கூழ் அடிப்பிடித்துவிட்டது. மாட்டுக்கு வைத்தேன்.

இப்போது 'இனியவன்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.

பராசக்தி


03.08.1992

அன்புள்ள மனைவி பராசக்திக்கு,

நான் இங்கு நலமாக இருக்கின்றேன். உமது நலத்தையும் அறிய விரும்புகின்றேன். உமது இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வேலை அதிகமாக இருந்தபடியால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. விரலில் ஒரு முள் குத்தியுள்ளது. கவலைப்பட வேண்டாம்.

மிசின் விடயமாக இப்போது பேச வேண்டாம். கிணற்றில் தண்ணீர் வற்றாமல் இருக்கும் என்று நம்புகின்றேன். வெங்காயத்தைக் காற்றோட்டமாகக் கட்டித் தூக்கவும். ஏணியில் ஏற வேண்டாம். முத்துக்குமாருவிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
பஞ்சலிங்கம்


இணுவில்
14.08.1992

என் வீட்டுக்காரருக்கு,

கிணற்றுக்கு மூன்று சுழி. தண்ணீருக்கும் மூன்று சுழி. என்னை 'உமது' என்று கலியாணம் பேச வந்த அன்றுகூட நீங்கள் சொன்னதில்லை. யார் அந்தப் பெண்? எழுத்து வடிவாக இருக்கிறது. அவவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பிறகு உண்மையைச் சொல்லுங்கள். முள் குத்தினவன் எழுத ஆள் பிடிக்கமாட்டான். நீங்கள் கை முறிந்த வருசத்தில் இடக்கையால் புகையிலை நட்டவர்.

எனக்கு இப்போது ஒரு பயம் பிடித்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கந்தோரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒளித்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு வரிசையில் நின்றேன். எல்லாம் பெண்டுகள். மேசையில் வேறு பொடியன், ஒரு காதில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது (பார்த்தீர்களா, பஞ்சு என்ற சொல்லையும் எழுதிவிட்டேன், இனி என்ன). ஒலிபெருக்கியில் சொன்ன இனியவன் ஆர் என்று கேட்டேன்.

"எந்த இனியவன் அம்மா? எங்களிட்டை ஏழு இனியவன் இருக்கினம்."

"சோத்துப் பார்சல் ஏத்திற இனியவன், தம்பி. கொஞ்சம் மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருப்பார்."

"சொந்தப் பேர் என்ன?"

"நான் இஞ்சாருங்கோ எண்டுதான் கூப்பிடுறனான்."

"அம்மா, இஞ்சாருங்கோ எண்டது ஒரு பேரில்லை."

"அப்ப கேள். நாள் பாக்கிற புத்தகத்திலை முன்பாதி. கோயிலுக்கை உள்ளுக்கு இருக்கிறவரிலை பின்பாதி. சேர்த்துப் பார்."

"விடுகதைக்கு நேரமில்லை அம்மா. பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

ஓடிப்போய் ரீச்சரைக் கொண்டு எழுதுவித்து வரலாம் என்று நினைத்தேன். போய் வருவதற்குள் கந்தோரைப் பூட்டிவிட்டால்? சொல்லாவிட்டால் நீங்கள் இருக்கிறீர்களா என்று தெரியாது. சொன்னால், இருக்கிற உங்களை நானே குறைத்துவிடுவேன். அப்படி நின்றேன். பிறகு சொன்னேன். வாய்க்குள் சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றான். திருப்பிச் சொன்னேன். காதைக் காட்டி, "செல் வெடிச்ச பிறகு இந்தப் பக்கம் கேக்காது அம்மா, பலமாச் சொல்லுங்கோ" என்றான். மூன்றாம் தரம் கத்தினேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவன் பதிவுக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "அது இவரில்லை அம்மா. அது பத்தொன்பது வயசுப் பொடியன். நீங்கள் போகலாம்" என்றான்.

எனக்குப் பின்னால் நின்றவ ஒரு தாய். மகனைப் பற்றிக் கேட்டா. தாய்மாருக்குப் பெயர் சொல்லத் தடை இல்லை, கேட்டவுடன் ஒரே மூச்சில் முழுப் பெயரும் சொல்லிவிட்டா. அவன் பார்த்துவிட்டு எழும்பினான். "அம்மா, உள்ளுக்கு வந்து இருங்கோ" என்றான். என்னை அவன் இருக்கச் சொல்லவில்லை. போகலாம் என்றுதான் சொன்னான். எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வீடு வரும்வரை நடந்தேனா ஓடினேனா தெரியாது. பிறகுதான் அவவின் முகம் வந்தது. இப்போதும் வருகிறது.

அதற்குப் பிறகு உங்களிடமிருந்து வந்தது இந்த மூன்று சுழிக் கடிதம்தான். மூன்று தரம் சொன்னேன். உங்களுக்கு என்ன நடந்தது? எந்த நாளில் நடந்தது? நாளைத்தான் முதலில் எழுதுங்கள். ரீச்சர் சொல்கிறா, "பைத்தியம், செல்லுக்குப் பேர் தெரியாது" என்று. அவவுக்கு ஜோர்ஜ் மாஸ்டர் பக்கத்தில் இருந்து இருமுகிறார், அவ எதுவும் சொல்லலாம்.

நல்லூரில் கொடி ஏறிவிட்டது. நான் போகவில்லை. போனால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. வெங்காயம் கட்டித் தூக்கியாயிற்று. ஏணியில் நான்தான் ஏறினேன்.

பராசக்தி


26.08.1992

பராசத்திக்கு,

இதை மக்டலீன் மிஸ்ஸி எழுதுகிறா. ஆசுபத்திரியில் நேர்ஸ். ஐம்பத்தைந்து வயது, கோபக்காரி, உன்னைப் போல. நான் சொன்னதைச் சொன்னபடி எழுத வேணும், திருத்தக் கூடாது என்று கேட்டிருக்கிறேன். சுழியை மட்டும் திருத்துவாவாம்.

எந்த நாள் என்று முதலில் கேட்டாய். ஆனி கடைசி வெள்ளி, இரவு. நீ அங்கே இருந்து எனக்கு ஏச்சுக் கடிதம் எழுதின அதே நாள். நீ கந்தோரில் கத்தினது ஆடி பிறந்த பிறகு. ஆகவே உன் மேல் வழக்கு இல்லை. நீ அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்த இருபத்திரண்டாம் வருசத்தில்தான் செல் விழுந்தது. இனி நீ யோசி.

நீ பெயர் சொன்ன அன்றுதான் எனக்குக் காய்ச்சல் விட்டது என்று எழுத ஆசைப்பட்டு மிஸ்ஸியிடம் கேட்டேன். அவ பார்த்துச் சொன்னா, காய்ச்சல் விட்டது அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமையாம். சரி, செவ்வாய்.

வலக்கையில் இரண்டு விரல் இல்லை. பெருவிரலுக்குப் பக்கத்து இரண்டும். மற்றக் காயமெல்லாம் ஆறிவிட்டது. பேனை பிடிக்க ஏலாது, மண்வெட்டி பிடிக்கலாம் என்று நினைக்கிறேன். பார்சல் இறக்கிவிட்டுத் திரும்பி வரும் வழி. நான் இறங்கி மூத்திரம் பெய்யப் போயிருந்தேன். (மிஸ்ஸி இதை எழுதமாட்டேன் என்றா, எழுதுவித்தேன்.) மிசினில் இருந்திருந்தால் விரலோடு போயிராது. மிசினைப் பற்றிக் கேளாதே. ஒன்றும் இல்லை. சில்லு ஒன்று மட்டும் கிடந்தது. அன்றைக்கு அவர்கள் போங்கோ என்று சொன்னபோது வந்திருக்கலாம். உனக்குச் சொல்ல இதைவிட எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கூரைக்கு மேல் மாமரம் இல்லை. அதை வந்து பார்த்துக்கொள்கிறேன்.

என்னை விட்டுவிட்டார்கள். புரட்டாசி பிறக்கமுன் கிளாலிக் கடலால் படகில் வருவேன். நாள் இப்போது சொல்ல முடியாது, மிஸ்ஸியின் தம்பி உங்கள் பக்கம் வருகிறான், அவன் வந்து சொல்லுவான். நீ கரைக்கு வா. ஒன்று சொல்கிறேன், கவனமாய்க் கேள். படகு இருட்டில்தான் வரும். லைட் ஒன்றும் இல்லை. கரையில் நூறு பெண்டுகள் நின்று "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவார்களாம், படகில் இருக்கிற எல்லாக் கிழவனும் எழும்பி நிற்பானாம். போன கிழமை ஒருவர் மற்றவரின் பெண்சாதியோடு சாவகச்சேரி வரை போய்விட்டாராம். ஆகவே நீ என்னை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேணும். இல்லாவிட்டால் முதலில் கூப்பிடுகிறவளோடு நான் போய்விடுவேன்.

பஞ்சலிங்கம்
(பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறேன். மை அதிகம்.)


இணுவில்
04.09.1992

என் வீட்டுக்காரருக்கு,

மிஸ்ஸியின் தம்பி வந்து நின்று தேத்தண்ணீர் குடிக்கிறார். அவர் குடித்து முடிப்பதற்குள் எழுத வேண்டும், திரும்பிப் போகும்போது கையில் கொடுத்துவிடுகிறேன். வருகிற வியாழக்கிழமை இரவு என்று சொல்லிவிட்டார். நான் புதன்கிழமையே போய்விடுவேன். முத்துக்குமாரு மச்சான் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன் என்றிருக்கிறார்.

விரலைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன். உங்கள் கடிதத்தைக் கிணற்றடியில் இருந்து வாசித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவளுக்கு ஒரு நன்மை, கெட்ட செய்தி மெதுவாகத்தான் வரும். அன்றைக்கு உங்களுக்கு வந்த மூத்திரத்துக்குக் கோயிலில் ஒரு அருச்சனை செய்விக்க இருக்கிறேன். ஐயர் என்ன காரணம் என்று கேட்டால் நீங்கள் சொல்லுங்கள். மிசினுக்கு நான் அழவில்லை. கொஞ்சம் அழுதேன். அது என்ன செய்தது, பாவம்.

மாங்காய் இல்லை, செல். அடுக்களைக்குப் பின்னால் விழுந்தது. அந்த நேரம் நான் வாய்க்காலில் நின்றேன். பானைகள் போய்விட்டன, ஓடு போய்விட்டது, நான் இருக்கிறேன். இனி நீங்களும் ஒளிக்க வேண்டாம், நானும் ஒளிக்கவில்லை.

பெயர் விஷயம். ரீச்சரிடம் போய் எப்படித் தொடங்குவது என்று கேட்டேன். "முதல் சொல்லுறதுதான் கஷ்டம், பிறகு அது தன்ரை பாட்டிலை வரும். பழகிப் பார்" என்றா. ஆகவே பழகுகிறேன். முதலில் வெறும் பானைக்குள் வாயை வைத்துச் சொன்னேன். பிறகு மாட்டின் காதில். ஆனால் கிளாலிக் கரையில் கடல் சத்தம், சனத்தின் சத்தம், அதற்கு மேல் கேட்க வேண்டுமே. வெளியில் நின்று பலமாகக் கூப்பிட்டால்தான் சரிவரும்.

இன்று காலை எங்கள் முறை. மிளகாய்க் கன்றுக்கு இறைப்பு. முத்துக்குமாரு மச்சான் துலாவில், தங்கமுத்து வாளியில், நான் வாய்க்கால் தலைப்பில். இருட்டுக் கரை என்று நினைத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பஞ்சலிங்கம்!" என்று கூப்பிட்டேன். நன்றாக வந்தது. கடலுக்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

நான் கூப்பிட்டதால் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று முத்துக்குமாரு மச்சான் நினைத்திருக்கிறார். துலாவில் நடந்தபடியே படலைப் பக்கம் திரும்பினார். அடுத்த கணம் கீழே வாழைக் குழிக்குள் இருந்தார். மச்சான் விழுந்ததைப் பார்த்துத் தங்கமுத்து வாளிக் கயிற்றைக் கைவிட்டாள், "முத்துக்குமாரு!" என்று கத்தினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சானுக்குக் காயம் இல்லை. வாளி கிணற்றுக்குள் போய்விட்டது. மிளகாய்க்கு இன்று தண்ணீர் விடவில்லை.

பராசக்தி